நான்கு நிமிடம் பதினோரு விநாடி

சன்னது எடுத்தவளில்லை நான்.
ஆபீசில் எனக்குப் பேர் ‘ஒயர் அக்கா’.
குழித்துறைக் கோர்ட்டுக்கு
ரசலையன் சார் கட்டோடு முன்னே நடக்க
பின்னால் நான்:
புரொஜெக்டர், லேப்டாப் இரண்டு
(ஒன்று செத்தால் மற்றது),
பிளக் பாயிண்ட் எட்டாத அறைகளுக்கென்று
பதினைந்து மீட்டர் ஒயர்.

திரை போன மழையில் பூஞ்சை பிடித்துவிட்டது.
சுவரில்தான் காட்ட வேண்டும்.
சுவரிலோ ஈரம் படர்ந்து படர்ந்து
ஒரு எருமைத் தலை, இரண்டு கொம்போடு.

களியக்காவிளைக்கு இப்புறம்
ஒரு பேக்கரிக் கேமரா பார்த்தது இது.
தை மாத இருட்டில் வெள்ளைப் புள்ளி நகர்கிறது.
பால் வெட்டப் போகிற ஞானசிகாமணியின் தலைவிளக்கு.
பாறை ஏற்றிய டாரஸ். நம்பர் தெரியவில்லை.
பிறகு டாரஸும் இல்லை.
புள்ளி மட்டும் தார்மேல் கிடக்கிறது, அணையாமல்.
மூலையில் மணி 5:40:00.

ஆறு கிலோமீட்டர் தாண்டி, கேரளச் செக்போஸ்டில்
நம்பர் தெளிவாக ஒரு டாரஸ்,
இடது கண் உடைந்து.
அங்கே மணி 5:42:00.

‘இரண்டே நிமிடத்தில் ஆறு கிலோமீட்டர்.
பாறை லாரியா விமானமா, யுவர் ஆனர்?’
இன்சூரன்ஸ் வக்கீல் கேட்டதும்
போன வாய்தாவில் கோர்ட்டே சிரித்தது.
முன்வரிசையில் லில்லிபுஷ்பம்
செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பேக்கரிக்குப் போனேன்.
ஃபோனில் சரியான நேரத்தை வைத்துக்
கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.
பன் வாங்க வந்தவர்கள் செல்ஃபி என்று விலகி நின்றார்கள்.
கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் முந்துகிறது.
சரி, இது இன்றைக்கு.
அன்றைக்கு எவ்வளவு?

அதற்கு ஒரு வாரம் ஆனது.
108 ஆம்புலன்ஸின் பதிவேட்டில்
இடம் சேர்ந்தது 5:58:20.
பேக்கரிக் கேமராவில் அதே வண்டி நிற்பது 6:02:31.
கழித்துப் பார்த்துவிட்டு
ஆறிப்போன டீயை அப்படியே குடித்தேன்.

முத்திரை வைத்த பென் டிரைவ், சான்றிதழ்,
அறுபத்துநான்கு எழுத்து ஹேஷ்.
ஒரு எழுத்து பிசகினால் எல்லாம் போச்சு.
முப்பது முறை ஒத்திகை பார்த்து
லாரி நுழைவதற்கு ஒரு நொடி முன்னால்
நிறுத்தக் குறித்து வைத்திருந்தேன்,
அந்த அம்மா உட்கார்ந்திருப்பாரே என்று.
நீதிபதி ‘ஓடட்டும்’ என்றார்.

ஓடியது.
புள்ளி எருமைக் கொம்பில் ஏறி
நெற்றியில் ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது.
ஏன் தாழ்ந்தது என்று
எந்த ஆவணத்திலும் இல்லை.
பிறகு சுவர் முழுக்க லாரி.

மோதிய நேரம் 5:35:49 என்றார் சார்.
ஆறு நிமிடம் பதினோரு விநாடி,
விடியற்காலைக் காலி ரோடு, விமானம் வேண்டாம்.
எதிர் வக்கீல் எழுந்தார், தாளைப் புரட்டினார்,
உட்கார்ந்தார்.

வராந்தாவில் லில்லிபுஷ்பம் என் கையைப் பிடித்தார்.
‘மக்கா, அப்பம் அவரு போனது
அஞ்சு முப்பத்தஞ்சுக்கா?’
ஆமாம் என்றேன்.
‘நான் விளிச்சது முப்பத்தொம்பதுக்கு.
கேஸ் தீந்துபோச்சுன்னு சொல்லதுக்கு.
போலீசு நாப்பதுன்னாவ.
நான் விளிச்சு, அவரு ஃபோனெடுக்கக் குனிஞ்சுதான்னு...’

பிரமாண வாக்குமூலத்தில் இது இல்லை.
யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

‘அப்பம் எனக்க விளி பொறவாக்கும்?’

கேமரா, கடிகாரம், பிழை வரம்பு என்று
ஏதோ சொல்ல வாய் திறந்து, மூடி,
‘பொறவுதான்’ என்றேன்.

எழுதித் தரச் சொன்னார்.
ஹேஷ் அச்சிட்ட தாளின் பின்பக்கம்
இரண்டு நேரத்தையும் எழுதினேன்.
நான்காய் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

தீர்ப்பு சித்திரைக்குப் போயிருக்கிறது.
முழங்கையில் ஒயரைச் சுற்றிக்கொண்டே பார்த்தேன்:
படிக்கு ஒன்றாய் எண்ணியபடி இறங்குகிறார்,
முப்பத்தாறு, முப்பத்தேழு,
முப்பத்தெட்டில் கொஞ்சம் நின்று.